படியில இறங்காதீங்க

அண்ணனை வலப்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தாள் தங்கை. வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஈரத்துணியால் அவர் முதுகைத் துடைத்தாள். லாரி டயரை ஒற்றை ஆளாகக் கழற்றிப் போட்ட முதுகு. இரண்டு மாதத்தில் பலகைபோல் ஆகிவிட்டது.

அண்ணன் கண்ணைத் திறக்காமல் ஏதோ சொன்னார்.

"என்ன சார்?" நர்ஸ் குனிந்தாள்.

"படியில இறங்காதீங்க."

"சரி சார், இறங்கல." நர்ஸ் தங்கையைப் பார்த்துச் சிரித்தாள். "நேத்து மாடிப்படியில நான் தடுக்கினது அவருக்குக் கேட்டிருக்கு பாருங்க."

"சுத்திப் போங்க" என்றார் அண்ணன். "ஐஸ் பேக்டரி சுவருக்குப் பின்னாடி. அங்க ஆழம்தான், பயமில்ல."

தங்கை அவரைப் பிடித்தபடியே குனிந்து முகத்தைப் பார்த்தாள். ஜன்னி கண்டவரின் உளறலாக அது இல்லை. கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல, பல நூறு தடவை சொல்லித் தேய்ந்த குரல். வெளியாட்கள் யாரையும் அண்ணன் 'நீங்க' என்று சொல்லி அவள் கேட்டதும் இல்லை.

ஒன்பதரை மணிக்கு மூச்சு ஒருமுறை உள்ளே போனது. அது வெளியே வருவதற்காக அவள் காத்திருந்தாள். நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

அந்த ஊரில் படி என்றால் வேறு அர்த்தம்.

டயர் கடைக்கு எதிரே சாலை, சாலைக்கு அந்தப்பக்கம் கடல். பாறை ஒன்று தண்ணீருக்குள் நீண்டு கிடக்கும், அதுதான் முனை. அதை ஒட்டி எழும் அலை உடையாமல் கரைவரை ஓடும். பலகை ஏறி அலைச்சறுக்கு விடும் பதினைந்து பேர், வெல்டர், பால்காரர், பள்ளிக்கூட வேன் டிரைவர் என்று, அதை 'நம்ம அலை' என்றார்கள். அண்ணன்தான் அவர்களுக்குத் தலை. ஊர் வைத்த பெயரே வாட்ச்மேன். வெளியூர் வண்டி நின்றால் கண்ணாடியில், போர்டில் கால் வழுக்காமலிருக்கப் பூசும் மெழுகைத் தேய்த்துவிடுவார்கள். சக்கரத்தில் காற்றைப் பிடுங்குவார் வாட்ச்மேன். பிறகு கடையைத் திறந்துவைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், அதே சக்கரத்துக்கு அவரே காற்றும் அடித்துக்கொடுப்பார்.

எதற்கும் மசியாதவர்களுக்குப் படி. கடை வாசலுக்கு நேர் எதிரே கடலுக்குள் இறங்கும் பழைய கல்படி. பார்த்தால் அங்கேதான் தண்ணீர் அமைதியாக இருக்கும். கீழே நீரோட்டம் ஆளைப் பிடித்துப் பாறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். முனை ஆட்கள் ஐஸ் பேக்டரிக்குப் பின்னால், சுவர் இடைவெளி வழியாக இறங்குவார்கள். யாராவது வந்து "எந்தப் பக்கமா இறங்கணும்?" என்று கேட்டால், படியைக் காட்டவேண்டும். அவன் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, போர்டை உடைத்துக்கொண்டு திரும்பிப் போவான். ஊரில் யாரையாவது ஏமாற்றினாலே "படிக்கு அனுப்பியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். கத்திரிக்காய் சொத்தையாக இருந்தால்கூட, கடைக்காரன் படிக்கு அனுப்பிவிட்டான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், அவளுக்குப் பத்தொன்பது வயதில், ஒரு பகல் வேளை. அண்ணன் கடையின் பின்கட்டில் இருந்தார். ஒல்லியான ஒரு ஆள், விளிம்பில் டேப் சுற்றிய போர்டோடு வந்து நின்றான்.

"இங்க முதல் தடவை வர்றேன். எந்தப் பக்கமாம்மா இறங்கணும்?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

"தேங்க்ஸ்மா. செருப்ப இங்க விட்டுட்டுப் போறேன், பார்த்துக்கோங்க."

அன்று கடல் பெரிதாக இருந்தது. போர்டு மட்டும் மாலையில் கரைக்கு வந்தது. அவன் மூன்றாம் நாள் வந்தான்.

விசாரிக்க வந்தவர்களிடம் அண்ணன், "எங்ககிட்ட யாரும் வழி கேக்கல சார்" என்றார். வீட்டுக்குள் வந்து, "சாப்பிடு" என்றார். அவ்வளவுதான். கம்ப்ரசருக்கு அடியில் இருந்த செருப்பு ஒருநாள் அங்கே இல்லை. எங்கே என்று அவள் கேட்கவில்லை. அண்ணன் தோள் வலி என்று சொல்லித் தண்ணீரில் இறங்குவதை நிறுத்தினார்.

அவள் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பார்வை சோதிக்கும் வேலை. படிக்கத் தெரியாதவர்களுக்கு என்று தனி அட்டை உண்டு. அதில் இருக்கும் E போன்ற குறியின் மூன்று கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று அவர்கள் விரலை நீட்டிக் காட்டவேண்டும். நாள் முழுக்க அவளைச் சுற்றி விரல்கள் நீளும். அவள் மட்டும் யாருக்கும் கை நீட்டி வழி காட்டுவதில்லை. டாக்டர் அறை எங்கே என்று கேட்டால் எழுந்து கூடவே போய் விட்டுவிட்டு வருவாள். கடையில் இதை மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் போன அன்று மதியத்துக்குள் வாசலுக்கு நாற்காலிகள் வந்தன. ஐஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டான். அண்ணனின் பால்ய சிநேகிதனுக்கு ஊர் வைத்த பெயர் அது. ஐஸ் பேக்டரியில் பாளம் இறக்குபவன். எப்போது கை கொடுத்தாலும் சில்லென்று இருக்கும்.

"நாளைக்கு விடிஞ்சதும் கடல்ல இறங்குறோம்" என்று அறிவித்தான். "போர்டு மேல வட்டமா உக்காந்து அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுறோம், அதுதான் நம்ம மரியாதை. முனை ஆளுங்க மட்டும். வாட்ச்மேன் இருந்தாலும் அதைத்தான் சொல்லுவான்."

"ஆமா ஆமா" என்றார் பால்காரர். "வெளியாள் ஒருத்தன் உள்ள வந்தான்னா பெட்டிய விட்டு எந்திரிச்சு வந்துருவான்."

"ஏன்டா கல்யாணமே பண்ணிக்கலன்னு ஒருநாள் கேட்டேன்" என்றான் ஐஸ். "பொண்ணு வெளியூர்க்காரியா அமைஞ்சா முனையில எப்படிடா விடுறதுங்கிறான்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பின் பாதியில் ஐஸ் முகம் கோணிப்போய், தோள் துண்டில் மூக்கைச் சிந்தினான்.

கடைசி நாற்காலியில் டீக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவரோடு யாரும் அதிகம் பேசமாட்டார்கள். சில வருடங்களாகவே முனைக்கு வெளியாட்கள் வருவது கூடிக்கொண்டே போனது. அடிபடாமல் சரியான வழியில் இறங்கி, அலைக்குக் காத்திருக்கும் முனை ஆட்களின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். எவன்டா வழி சொல்றான் என்று டயர் கடையில் எத்தனையோ கூட்டம். அதற்கெல்லாம் தலைமை தாங்கியது வாட்ச்மேன். டீக்கடையில் நாலு வெளியாட்கள் டீ குடித்ததைப் பார்த்தவர்கள் அவர்தான் என்று முடிவு கட்டி, அந்தக் கடையை ஒதுக்கிவைத்தார்கள். வாட்ச்மேன் மட்டும், "விடுங்கடா, பாவம்" என்றார். பெரிய மனசு என்று அதையும் மெச்சினார்கள்.

இரண்டு மணிக்கு வாசலில் மூன்று வண்டிகள் வந்து நின்றன. கூரைகளில் போர்டுகள். முதலில் இறங்கியவள் உயரமான ஒரு பெண். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது.

"படிக்காரர் வீடு இதுதானே?"

ஐஸ் கடகடவென்று சிரித்துவிட்டான். "அட, உங்களையும் படிக்கு அனுப்பிட்டானா? எத்தன தையல்?"

அவளுக்குப் புரியவில்லை. "தையலா? இல்லீங்க. படியில இறங்காதீங்கன்னு சொல்லுவாரே, அவரு. விடியறதுக்கு முன்னாடியே படி மேல உக்காந்திருப்பாரு. நாங்க அவருக்கு வச்ச பேரு அது."

யாரோ நாற்காலியில் அசைந்தார்கள்.

"என்னைய சுவர் வரைக்கும் கூட்டிட்டே போனாருங்க" என்றான் பின்னால் நின்ற தாடிக்காரன். "உள்ள போயி சும்மா உக்காரு, அலைய கேக்காத, அவங்களா பார்த்துக் குடுப்பாங்கன்னு சொன்னாரு. எங்க கரையில புதுசா வர்றவங்களுக்குத்தான் முதல் அலை. இங்க அப்படியில்லன்னு எனக்குத் தெரியாது."

"அவரு ஊரு வேற. எங்க கரையில நாங்களும் வெளியாள விடமாட்டோம்" என்றாள் உயரமானவள். "இந்த இடத்துல பொய் சொல்லக் கூடாது. கல்லு விட்டு எறிஞ்சிருக்கோம். இவரப் பார்த்தப்புறம் நான் எறியறதில்ல."

டீக்கடைக்காரர் மெதுவாக எழுந்து நின்றார்.

"ரெண்டு வருஷம்" என்றார்.

ஐஸ் தரையைப் பார்த்தான்.

"ரெண்டு வருஷம்டா. ஒரு பய என் கடைப்பக்கம் எட்டிப் பாக்கல." பிறகு உள்ளே போய், அண்ணனின் தலைமாட்டில் கிடந்த விசிறியை எடுத்து ஈ ஓட்ட ஆரம்பித்தார்.

தங்கை சுவரில் சாய்ந்துகொண்டாள். பத்து வருடம். தினமும் விடியற்காலையில் கதவுத் தாழ் சத்தம் கேட்கும். "முனையப் பார்த்துட்டு வர்றேன் குட்டி" என்பார். காவல் காக்கப் போகிறார் என்று ஊர் நினைத்தது. அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.

நான்கு மணிக்கு அடக்கம். முனை ஆட்கள்தான் தூக்கினார்கள். வெளியாட்கள் இருபதடி தள்ளி நடந்து வந்தார்கள்.

திரும்பி வந்ததும் டயர் கடைக்கு வந்தான் ஐஸ். அவள் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள். அவன் குனிந்து நுழைந்தான்.

"பாப்பா, நாளைக்கு நாங்க வரல."

"ஏண்ணா?"

"ஏனா? பதினஞ்சு பேரும் பேசிட்டோம். பத்து வருஷமா எங்க முதுகுக்குப் பின்னாடி வித்துட்டான் முனைய. கூட்டத்துல எங்களோட உக்காந்து, எவனா இருக்கும்னு எங்களையே கேட்டான். அவனுக்குப் போயி நாங்க வட்டம் போடணுமா? அவனோட ஆளுங்கதான் வந்திருக்காங்களே, அவங்க போடட்டும்."

"அண்ணனுக்கு நீங்கதான் ஆளுங்க."

"அப்ப ஏன் செஞ்சான்? உனக்குத் தெரியும்ல? சொல்லு. ஒரு காரணம் சொல்லு, இறங்குறேன்."

காரணம் அவளிடம்தான் இருந்தது. பதினோரு வருடமாக அண்ணன் அதை ஊரிடம் மறைத்துவைத்திருந்தார், அதற்காகத் தான் செய்ததை அவளிடமும். இப்போது அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாட்ச்மேன் துரோகியாகப் போவார். நாளைக்கு அவள் வழக்கம்போல் கண்ணாடிக் கடைக்குப் போகலாம்.

அவள் ஒரு டயரின் மேல் கையை வைத்துக்கொண்டாள். ரப்பர் இன்னும் பகல் சூட்டோடு இருந்தது.

"அந்த டேப் ஒட்டின போர்டுக்காரன்" என்றாள். "அண்ணன்கிட்ட அவன் வழி கேக்கல. எங்கிட்டதான் கேட்டான். நான்தான் படியக் காட்டினேன்."

ஐஸ் அதிர்ந்துபோவான், திட்டுவான், வெளியே போய்விடுவான் என்று அவள் நினைத்தாள். அவன் குப்புறப் போட்ட வாளியில் உட்கார்ந்தான்.

"தெரியும்" என்றான்.

கம்ப்ரசரிலிருந்து மிச்சக் காற்று மெல்லக் கசிந்துகொண்டிருந்தது.

"நான் அப்ப பேக்டரி மாடியில நின்னுட்டிருந்தேன். நீ கை நீட்டுறது தெரிஞ்சுது. சிரிச்சேன் பாப்பா. கீழ இருந்தவங்களுக்கெல்லாம் கத்திச் சொன்னேன், வாட்ச்மேன் தங்கச்சி தொழில் கத்துக்கிட்டா பாருங்கடான்னு. அவங்களும் சிரிச்சாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்." அவன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டான். "அப்புறம் பின்கட்டுக்கு வந்து உங்கண்ணன்கிட்டயும் சொன்னேன். சந்தோஷப்படுவான்னு. கையில இருந்த ஸ்பானரப் போட்டுட்டு ஓடினான். எதுக்குடா இப்படி ஓடுறான்னு நினைச்சேன் நான்."

"ஓடினாரா?"

"படியில இறங்கி நெஞ்சளவு தண்ணிக்குள்ள நின்னு கத்திட்டிருந்தான். பேரு தெரியாதே. 'தம்பி, தம்பி'ன்னு."

இது அவளுக்குத் தெரியாது; கை காட்டிவிட்டு அவள் வீட்டுக்குள் போய்விட்டிருந்தாள். அன்று அண்ணன் சட்டை நனைந்து வந்தது மட்டும் நினைவிருந்தது. வண்டி கழுவினார் என்று நினைத்திருந்தாள்.

ஐஸ் எழுந்தான். போகும்போது அவளைத் தொடலாமா என்று கையைத் தூக்கினான். என்ன தோன்றியதோ, ஷட்டரைப் பிடித்துக்கொண்டு குனிந்து வெளியேறினான்.

மறுநாள் விடியலில் அவள் பேக்டரிச் சுவர் ஓரமாக நின்றாள். வெளியாட்கள் முன்பே வந்து, போர்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இறங்காமல் தயங்கி நின்றிருந்தார்கள். ஐஸ் வந்தான். பால்காரர் வந்தார். ஒவ்வொருவராகப் பதினோரு பேர். ஐஸ் சுவர் இடைவெளியில் முதலில் நுழைந்து, திரும்பிப் பார்த்து, உயரமானவளிடம் தலையை ஆட்டினான்.

பாறைக்கு அப்பால் வட்டம் கூடியது. சிலர் "வாட்ச்மேன்" என்றும் சிலர் "படிக்காரரே" என்றும் கூப்பிட்டார்கள். இரண்டு பெயர்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, கரைக்கு வரும்போது எதுவென்று புரியாத சத்தமாக இருந்தது. கைகளால் தண்ணீரை வாரி இறைத்தார்கள். பிறகு அடங்கி, அலையைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்தார்கள்.

அப்போது ஒரு அலை எழுந்தது. அந்த வருடத்தில் அவள் பார்த்த அலைகளிலேயே பெரியது. கண்ணாடிபோல் வழவழவென்று, முனையை முழுக்க அடைத்துக்கொண்டு வந்தது. அலை எழும் இடத்துக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தவன் ஐஸ். முறைப்படி அது அவனுடையது. அவன் உயரமானவளைப் பார்த்து, நீ எடு என்று கையைக் காட்டினான். அவள் தலையை அசைத்துவிட்டுப் பால்காரரைப் பார்த்தாள். பால்காரர் தாடிக்காரனைப் பார்த்தார். அவன் போர்டில் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அலை அவர்களை ஒவ்வொருவராகத் தூக்கி இறக்கிவிட்டு, யாரும் ஏறாமல், கரைவரைக்கும் ஓடி வந்து உடைந்தது. நுரை வெள்ளையாகப் பரந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து, டேப் சுற்றிய போர்டோடு, ஒரு தலை எழுந்து வருகிறதா என்று அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.