இன்ஜின் அறைக் கதவு

சுரேஷ்குமாரின் உடலைக் கொண்டுவந்தவர்கள் மாரடைப்பு என்றார்கள். அவனுக்கு இருபத்தாறு வயது. தினமும் காலையில் மெரினாவில் ஓடுகிறவன்.

மயிலாப்பூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பொன்ராஜின் ஒரே மகன். கடையில் உட்காராமல் நடிக்கப் போனதில் அப்பாவுக்கு வருத்தம்தான். ஆனால் 'ஆழம் முந்நூறு' தொடர் டிவியில் வர ஆரம்பித்ததும், ஞாயிறு மாலை ஷட்டரைச் சீக்கிரமே இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். கடற்படையின் உத்தரவை மீறி, நீர்மூழ்கிக் கப்பலோடு காணாமல் போகும் மாலுமிகளின் கதை அது. சுரேஷ் அதில் இன்ஜின் அறை மாலுமி. அதிகம் வசனம் இல்லை. ஆனாலும் கடைக்கு வருகிறவர்கள் "நேவிக்காரர் வீடா?" என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அக்கா சிந்து தம்பியின் கைகளைப் பார்த்தாள். இரண்டு கையிலும் விரல் முட்டிகள் தோலுரிந்து கிடந்தன.

"தண்ணி சீன்மா. அங்கங்க இடிச்சிருப்பான்" என்றான் தயாரிப்பு மேனேஜர் அச்யுத். "ஹார்ட்டுதான். டாக்டரே எழுதிக் கொடுத்துட்டார்."

பொன்ராஜ் எதையும் கேட்கிற நிலையில் இல்லை. அம்மா தங்கம் மயங்கி மயங்கி விழுந்துகொண்டிருந்தாள். அன்று மாலையே தகனம் முடிந்துவிட்டது.

அந்தக் கைகள் சிந்துவை விடவில்லை. தொடரில் நடித்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போனாள். ஒருவர் ஊரில் இல்லை என்றார். இன்னொருவர் போனையே அணைத்துவிட்டார். ரேடியோ அதிகாரியாக நடித்த டெல்பின் மட்டும் தி.நகரில் ஒரு காபிக் கடைக்கு வந்தாள். வந்து உட்கார்ந்ததும் அழுதாள்.

"என்னைக் கேக்காதீங்கக்கா. கேப்டன் சாரைக் கேளுங்க. கதவுகிட்ட அவர்தான் நின்னார்."

கேப்டனாக நடித்தவர் அல்போன்ஸ். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கோவில் திருவிழா நாடகங்களில் நடித்து நடித்து, அறுபது வயதில்தான் முதல் பெரிய வேடம் கிடைத்தது. சாந்தோமில், சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. கதவைத் திறந்த மகள் நோரா, சிந்து யாரென்று தெரிந்ததும் வழியை மறித்து நின்றாள்.

"அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு கம்பெனி வக்கீல் சொல்லியிருக்கார்."

"வரட்டும் நோரா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அல்போன்ஸ் முகச்சவரம் செய்து பல நாளாகியிருக்கும். சிந்துவை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார்.

"பெருங்குடியில ஒரு பழைய கோடவுன்லதான் செட் போட்டிருந்தாங்க. இன்ஜின் ரூமுக்குள்ள தண்ணி புகுந்துடும். கதவை மூடலைன்னா கப்பலே போயிடும். ஒரு மாலுமி உள்ளே இருக்கும்போதே கேப்டன் மூடிடறார். அதான் சீன். அவன் உள்ளேர்ந்து தட்டணும், கத்தணும். தண்ணி நெஞ்சுக்கு வந்ததும் பின்பக்கப் பலகையைத் தள்ளிட்டு வெளியே போயிடணும்."

"அப்புறம் ஏன் போகல?"

"பலகைக்குப் பின்னால யாரோ லைட் சாமானை அடுக்கி வச்சிருந்தாங்க. அது எனக்கு அப்புறம்தான் தெரியும். டைரக்டர் கட் சொல்லல. நல்லா வருதுன்னு எடுத்துக்கிட்டே இருந்தார். நானும் கதவுச் சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்மா. இன்னைக்குப் பையன் பிரமாதமா பண்றான்னு நினைச்சேன்."

சிந்து தரையைப் பார்த்தபடி கேட்டாள்: "அம்மான்னு கூப்பிட்டானா?"

"பம்பு சத்தத்துல வார்த்தை எதுவும் கேக்கல. தட்டறது மட்டும் கேட்டுது. அப்புறம் நின்னுது."

"நின்னதும்?"

"எல்லாரும் கைதட்டினாங்க."

நோரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிந்து எழுந்து வாசல்வரை போய், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்த வழியே போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. திரும்பி, "இதை போலீஸ்ல சொல்வீங்களா?" என்று கேட்டாள்.

"அப்பா, கதவைப் பிடிச்சது நீங்க" என்றாள் நோரா. "முதல்ல உங்களைத்தான் உள்ளே வைப்பாங்க."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் சொன்னதை வைத்துத்தான் வழக்கே பதிவானது. தயாரிப்பாளர், டைரக்டர், அல்போன்ஸ் மூன்று பேரும் கைதாகி ஜாமீனில் வந்தார்கள். கப்பலில் உயிருக்கு உயிராய் இருந்த மாலுமிகள் எல்லாரும், தங்களுக்கு எதுவும் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். டெல்பினும்தான். அன்று எடுத்த காட்சி அழிந்துபோய்விட்டது என்றது கம்பெனி. சேனல் ஐந்தாவது வாரத்தோடு தொடரை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் சமையல் போட்டி ஒன்றைப் போட்டது.

சைதாப்பேட்டை கோர்ட்டில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அல்போன்ஸ் தவறாமல் வந்தார். ஒருமுறை பொன்ராஜ் வராண்டாவிலேயே அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார். அல்போன்ஸ் கையை விலக்கவில்லை. பொன்ராஜ்தான் கொஞ்ச நேரத்தில் தானாகவே விட்டுவிட்டுச் சுவரோரமாய் உட்கார்ந்து அழுதார். சிந்து இருவரிடமும் போகவில்லை.

டைரக்டரின் வக்கீல் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். கதவைப் பிடித்திருந்தது அல்போன்ஸ், தன் கட்சிக்காரர் கேமராவுக்குப் பின்னால் இருந்தார், அவருக்கு என்ன தெரியும். வழக்கு எந்தப் பக்கம் போகிறது என்று சிந்துவுக்குப் புரிந்தது. மற்ற இரண்டு பேரும் தப்பித்துவிடுவார்கள். வாயைத் திறந்தவர் மட்டும் ஜெயிலுக்குப் போவார். அவர் பேசாமல் இருந்திருந்தால் தம்பி மாரடைப்பில் செத்தவனாகவே இருந்திருப்பான். இதற்காக அவருக்கு நன்றி சொல்லவும் அவளால் முடியவில்லை, அந்தக் கைதட்டலை மறக்கவும் முடியவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள், நீதிபதி விடுப்பு என்று காலையிலேயே வக்கீல் குமாஸ்தா தகவல் சொன்னார். சிந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அல்போன்ஸின் எண்ணை அழுத்தினாள்.

"சிந்து பேசறேன். இன்னைக்குக் கோர்ட் இல்ல. வெயில்ல வீணா கிளம்பாதீங்க."

"சரிம்மா." அவர் உடனே வைக்கவில்லை. "அப்பா எப்படி இருக்கார்?"

"கடையைத் திறக்கப் போயிருக்கார்" என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தாள்.