உறிஞ்சாத நாக்கு

நெருப்பு, சக்கரம் இவற்றுக்கு அடுத்தபடியாக மனித குலம் கண்ட பெரிய முன்னேற்றம், நூடுல்ஸைச் சத்தமில்லாமல் சாப்பிடக் கற்றுக்கொண்டதுதான் என்று நாக்கு மிகுந்த பொறுப்புணர்வோடு அறிவித்தான்.

நாக்கு என்பது கல்லூரியில் விழுந்த பட்டப்பெயர். நகரத்தின் ஆகச் சிறந்த ராமென், அதாவது ஜப்பானிய நூடுல்ஸ் சூப், எது என்று தேடி அவன் ஏறி இறங்காத கடை இல்லை. எங்கே போனாலும் ஒரு வாய் சாறு, ஓர் இழை நூடுல்ஸ், ஒரு பெருமூச்சு. பிறகு கல்லூரிப் பத்திரிகையில் முழுப் பக்கத் தீர்ப்பு. போன இதழில், ராமெனைச் சர்ரென்று உறிஞ்சுகிறவர்களைச் சாக்கடை அடைப்பெடுக்கும் குழாயோடு ஒப்பிட்டு எழுதியிருந்தான். அந்தக் கட்டுரையை அக்காவின் ராமென் கடையில் உட்கார்ந்துதான் எழுதினான். அங்கே அவனுக்குச் சாப்பாடு ஓசி.

இப்போதும் அதே கடையில்தான் நின்றுகொண்டிருந்தான். ஆனால் அறிவிப்பைக் கேட்கும் நிலையில் யாரும் இல்லை. காலையில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த அக்கா, மரத்துப்போன வாயில் பஞ்சைக் கடித்தபடி கல்லாவில் இருந்தாள். துடைத்த மேடையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார் அத்தான்.

போன மாதம் வந்த காய்ச்சல், போகும்போது சமைக்கிற அத்தானுடைய வாசனை உணர்வையும் ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. எலும்புச் சாறு தினம் ஒரு மாதிரி வற்றும். அதற்கேற்ப கிண்ணத்தில் உப்புக் கலவையைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இதுவரை அக்கா ருசி பார்த்துச் சொல்லிச் சமாளித்தாள். இன்றைக்கு அவள் நாக்கும் மரக்கட்டை.

அத்தான் வாசலைப் பார்த்தார். “முதலாளி கார் வந்து நிக்குது.”

கடைக்குப் பணம் போட்டவர் அவர். ஒரு வாரமாக ஊரில் இருக்கிற ராமென் கடை ஒன்று விடாமல் சாப்பிட்டு வருகிறார். எவன் கிண்ணம் முதலிடமோ, அவன் கையில் இந்தக் கடையை ஒப்படைப்பதாகத் திட்டம். கடையோடு மாடி அறையும் போகும். அக்காவும் அத்தானும் குடியிருப்பது அந்த அறையில்.

“இன்னிக்கு நீதான் மச்சான் எனக்கு வாய்,” என்றார் அத்தான்.

“அவ்வளவுதானே? கரண்டியைக் குடுங்க, இப்பவே சொல்றேன்.”

“கலந்து ஊத்தினாதான் தெரியும். அதுக்குள்ள அவர் உள்ள வந்துடுவார். சமையக்காரனுக்கு இன்னொருத்தன் ருசி பாத்துச் சொல்றதைப் பாத்தா கதை முடிஞ்சுது. நீ கஸ்டமர் மாதிரி உக்காரு. முதல் கிண்ணம் உனக்கு. சரியா இருந்தா ஒரு தடவ உறிஞ்சு. உப்பு பத்தலைன்னா ரெண்டு.”

“உறிஞ்சவா? நானா?”

“நூடுல்ஸ் வேகறப்ப தலையைத் தூக்க முடியாதுடா. காது மட்டும்தான் சும்மா இருக்கு.”

“இருமறேனே?”

“இருமினா அவர் எழுந்தே போயிடுவார்.”

“என் வாசகர்கள் யாராவது பாத்துட்டா...”

“உழிஞ்சுழா, நாயே!” என்றாள் அக்கா. மரத்த வாயிலும் கடைசிச் சொல் சுத்தமாக வந்தது.

முதலாளி உள்ளே வந்து, நாக்குக்கு அடுத்த முக்காலியில் உட்கார்ந்தார். “நேத்து ஸ்டேஷன் பக்கம் ஒருத்தர் போட்டுக் குடுத்தார். கண்ல தண்ணி வந்துடுச்சு. அவரையே வரச் சொல்லலாம்னு இருக்கேன். ஆனா உங்களைப் பாக்காம முடிவு பண்ணினா நியாயமா சொல்லுங்க?” என்று சிரித்தார்.

முதல் கிண்ணம் நாக்கின் முன்னால் வந்தது. வழக்கம்போல் ஒரு கரண்டி சாற்றை ஊதி ஆற்றி, உதட்டை மூடி, நாகரிகமாக விழுங்கினான். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு கரண்டி. சுட்டது, அவ்வளவுதான். ‘ஆழம் உண்டு, அடக்கம் இல்லை’ என்றெல்லாம் தீர்ப்பு எழுதிய நாக்கு, உப்பு பத்துமா பத்தாதா என்று கேட்டதும் விடுப்பில் போய்விட்டது. உபயோகமான கேள்வி எதையும் இதுவரை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அத்தான் நூடுல்ஸை வடிகட்டியில் அள்ளி உதறினார். முதலாளியின் கிண்ணத்தில் ஒரு கரண்டி கலவை காத்திருந்தது. குனிந்த தலை குனிந்தபடியே, காது மட்டும் இந்தப் பக்கம் திரும்பியது. அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

வேறு வழியில்லாமல் நூடுல்ஸைக் கொத்தாக அள்ளி வாயில் வைத்தான். பாதி வெளியே தொங்கியது. சூடு தாங்காமல் மூச்சை உள்ளே இழுத்தான். சர்ர்ர்.

காற்றோடு சேர்ந்து வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறியது. எலும்பு, பூண்டு, கருகிய வெங்காயம், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சப்பென்ற பள்ளம். உப்பு பத்தவில்லை. பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். இத்தனை காலம் அவன் ராமென் சாப்பிடவே இல்லை, சுடுதண்ணீர் குடித்திருக்கிறான்.

ஆனால் ஒரு தடவை உறிஞ்சியாகிவிட்டது. ஒன்று என்றால் சரி. அத்தானின் கை சாற்றுக் கரண்டியைத் தூக்கிவிட்டது.

வாய் நிறைய நூடுல்ஸ். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. முதலாளி வேறு திரும்பி அவனையே பார்த்தார். நாக்கு கண்ணை மூடிக்கொண்டு, இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டி இழுத்தான்.

சர்ர்ர்ர்ர்!

முதலாளியின் சட்டைக் கையில் சாறு தெறித்தது. சாற்றுக் கரண்டி அந்தரத்தில் நின்றது, பிறகு இறங்கியது. அத்தானின் கை கலவைச் சாடிக்குப் போய்த் திரும்பியது.

முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு, தன் கிண்ணத்தில் ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய். கடைசியில் கிண்ணத்தையே தூக்க, முகம் அதற்குள் மறைந்தது. வெகுநேரம் மறைந்தே இருந்தது.

“அந்த ஸ்டேஷன்காரர்கிட்ட இப்ப என்னன்னு சொல்றது?” என்றார் வருத்தமாக, காலிக் கிண்ணத்தை வைத்துவிட்டு. அப்புறம் நாக்கின் பக்கம் திரும்பினார். “தம்பி, படிச்ச பிள்ளை மாதிரி இருக்கே. சத்தமில்லாம சாப்பிடப் பழகு. நாகரிகம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“சரி சார்,” என்றான் நாக்கு.

கதவு சாத்தப்பட்டதும் அக்கா பொத்தென்று உட்கார்ந்து பாதி முகத்தால் சிரித்தாள், முழுக் கண்ணால் அழுதாள். அத்தான் அவனுக்குப் புதிதாக ஒரு கிண்ணம், இம்முறை சரியான உப்போடு, போட்டு நீட்டினார்.

அதை எடுத்துக்கொண்டு அவன் மூலை முக்காலிக்குப் போனான். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். தெரிந்தவன் எவனாவது தெருவில் போகிறானா என்று ஜன்னல் வழியாக ஒரு முறை நோட்டம் விட்டான். பிறகு தலையைக் குனிந்து, நூடுல்ஸை வாயில் வைத்து, ஆசை தீர உறிஞ்சினான்.