மண்வாரியில் வதக்கிய கீரை

"போன வாரம் கொடுத்த எண்ணெயில யாரெல்லாம் கீரை வதக்கினீங்க?" என்று நான் கேட்டதும் பதினெட்டுக் கைகளும் உயர்ந்தன. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்போது இருபத்து மூன்று வயது. சத்துணவுப் படிப்பு முடித்த திமிர் வேறு. ஜப்பானின் கியூஷுவில், மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்தின் வரிசை வீடுகளுக்கு நடுவே, சத்தான சமையலைச் செய்து காட்டும் எங்கள் வண்டி நிற்கும். பக்கக் கதவைத் தூக்கினால் உள்ளே அடுப்பும் வாணலியும் பளபளக்கும். ஓட்டுநர் ஒகாபே மணியடித்ததும் பெண்கள் குழந்தைகளோடு வருவார்கள். வேலை போனதிலிருந்து வள்ளிக்கிழங்கும் உப்பிலிட்ட முள்ளங்கியும் தின்றே நாளை ஓட்டியவர்கள். முள்ளங்கி இலையை எறியாதீர்கள், எண்ணெயில் வதக்குங்கள் என்பதுதான் என் மந்திரம். ஆளுக்கொரு மருந்து பாட்டில் எண்ணெயும் கொடுப்போம். இன்று என் சமையலறையில் நாலு வாணலிகள் தொங்குகின்றன. ஆனால் அந்த வண்டியின் வாசனைக்குத்தான் மனசு இன்னும் ஏங்குகிறது.

கை தூக்கியவர்களில் ஷிகெயும் ஒருத்தி. முந்தைய வருஷம் சுரங்கத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். அவளுடைய ஆறு வயது மகள் மிசுயோவுக்கு மாலைக்கண். அந்த ஊரில் கோழிக்கண் என்பார்கள். பொழுது சாய்ந்தால் அம்மாவின் மேலங்கி முனையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். இப்படியே விட்டால் பார்வையே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கீரையும் எண்ணெயும் சேர்ந்து வயிற்றுக்குள் போனால்தான் அந்தக் கண் தேறும். எண்ணெய் கொடுக்கத் தொடங்கி ஒரு மாதமாகியும் தேறவில்லையே என்று, சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டுக்குப் போனேன்.

கீரை வெறும் தண்ணீரில் வெந்துகொண்டிருந்தது. நான் கொடுத்த எண்ணெயோ, புத்தர் மாடத்தில் அவள் கணவன் படத்துக்கு முன்னால் விளக்காக எரிந்துகொண்டிருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"செத்தவருக்கு எண்ணெய், இருக்கிற பிள்ளைக்கு வெந்நீரா? கையை வேற தூக்கினீங்களே!"

"எல்லாரும் தூக்கினாங்க, நானும் தூக்கினேன்." ஷிகெ தலை நிமிரவில்லை. "சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்பாங்க. எங்க வீட்ல சட்டியே இல்லையே, டீச்சரம்மா. இந்த ஒரு பானைதான். இதுல ஊத்தியும் பாத்தேன், எண்ணெய் மிதக்குதுன்னு மிசுயோ துப்பிட்டா."

ஒரு வருஷமாக "வாணலியை அடுப்புல வையுங்க" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். வாணலி இருக்கிறதா என்று ஒருத்தியிடமாவது கேட்டேனா? வெட்கம் பிடுங்கித் தின்றது. வண்டியில் இருக்கும் வாணலியைத் தருகிறேன் என்றேன்.

"அது ஆபீஸ் பொருளு. எங்க கீரைக்காக உங்க வேலைக்கு உலை வைக்காதீங்க" என்றாள். அவள் பார்வை மாடத்துக்குப் பக்கத்தில் போனது. அங்கே கணவன் சுரங்கத்தில் கரி வாரிய இரும்பு மண்வாரி, துடைத்துச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

அடுத்த வாரம் அந்த மண்வாரியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னடி ஷிகெ, சுரங்கத்துல இறங்கப் போறியா?" என்று பெண்கள் கேலி செய்தார்கள்.

"ஆமாடி, உங்களுக்கும் சேத்துக் கரி வாரிட்டு வரேன்!"

சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்து வெள்ளியாக்கியிருந்தாள். எங்கள் அடுப்பில் அதைச் சூடாக்கி, எண்ணெய் விட்டு, இலையைப் போட்டாள். சொய்ங்கென்று சத்தம் எழுந்ததும் கேலி நின்றுவிட்டது. மிசுயோ முதல் வாயைத் துப்பவில்லை. இரண்டாவதற்கு வாயைத் திறந்தாள்.

"அப்போ அவருக்கு விளக்கு?" என்று மெல்லக் கேட்டேன்.

"வெளிச்சம் உங்க பொண்ணுக்குத்தான் வேணும்னு அவர்கிட்டயே சொல்லிட்டேன். ஒண்ணும் சொல்லல. உசுரோட இருக்கும்போதும் அப்படித்தான், நான் சொன்னா மறுபேச்சு கிடையாது" என்று சிரித்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

மூன்று வாரம் கழித்து, வண்டியை மூடும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. ஷிகெ வழக்கம்போல மேலங்கி முனையை மகளிடம் நீட்டினாள். மிசுயோ பிடிக்கவில்லை. என்னையே உற்றுப் பார்த்தாள்.

"டீச்சரம்மா, உங்க தலையில வெங்காயத் தோலு."

ஒகாபே வாய்விட்டுச் சிரித்தார். ஷிகெ நீட்டிய துணியை விடாமல் அப்படியே நின்றாள். தலைக்குப் போன என் கை பாதியில் இறங்கிவிட்டது. ஊர் போய்ச் சேரும்வரை அந்தத் தோல் என் முடியிலேயே இருந்தது.