போனுக்குச் சொந்தக்காரர்

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, ரத்தப் பரிசோதனை லேபில் நிரந்தர வேலை, தங்க இடமும் தருகிறார்கள். வீடியோவில் கூப்பிட்டுப் பேசுவார்களாம். இதை ஈ காக்கையிடம்கூட நான் மூச்சு விடவில்லை. நாலு வருஷமாக எந்த அக்கா வீட்டில் இருக்கிறேனோ, அந்த அக்காவுக்கே தெரியாது. அப்படிப்பட்ட நாளில்தான் இந்தச் சனியன் பிடித்த போன், கம்பெனிப் பெயரைக் காட்டுவதும் அணைவதும் மறுபடி காட்டுவதுமாகக் காலையிலிருந்து என் உயிரை வாங்கியது.

ரிப்பேர்க்காரம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இடம் ரொம்பி அடைச்சுக்கிச்சு. விலை கம்மி போன்ல இடமே கொஞ்சம். அதுலயும் பாதிய கம்பெனிக்காரனே வேண்டாத ஆப்பைப் போட்டு ரொப்பிடறான். ரீசெட் பண்ணணும். உள்ள இருக்கிறது எல்லாம் போயிடும், பரவாயில்லையா?"

"போகட்டும். ரூட் பண்ணிட்டா அந்தக் குப்பையை எல்லாம் ஒரேயடியா தூக்கிடலாம்னு சொல்றாங்களே?"

"தூக்கலாம். போன் முழுக்க உன் பேச்சைக் கேக்கும். ஆனா வாரண்டி போயிடும், பேங்க் ஆப் முரண்டு பிடிக்கும். முதல்ல இது பிழைச்சு வரட்டும்மா."

இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தி, எல்லாவற்றையும் அழித்தார். போன் பிழைத்தது. வணக்கம் சொன்னது. மொழி கேட்டது. பிறகு, முன்பு இந்தப் போனில் இருந்த கணக்கைப் போட்டால்தான் உள்ளே விடுவேன் என்று நின்றது. என் மெயிலையும் பாஸ்வேர்டையும் போட்டேன். இது இல்லை என்றது. மறுபடி போட்டேன். இல்லவே இல்லை என்றது. என் சம்பளத்தில் நான் வாங்கிய போன், வாசலில் நிறுத்தி என்னையே யார் நீ என்று கேட்கிறது. என்ன திமிர்!

"வாங்கினப்ப யார் செட் பண்ணிக் கொடுத்தாங்க?" என்றார் ரிப்பேர்க்காரம்மா.

வேறு யார், அத்தான்தான். அக்கா வீட்டுக்காரர். வேலை என்னவோ குடோனில் ஸ்டாக் எழுதுவது. ஆனால் எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் இன்ஜினியர். யார் போன் வாங்கினாலும் பெட்டியைப் பிரிப்பவர் அவர். "குடு குடு, உங்களுக்கெல்லாம் ஒண்ணும் தெரியாது" என்று பிடுங்கி, ஒரு மணி நேரம் குடைந்துவிட்டுத் தருவார். நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொள்வோம். புத்தி எங்கே போனது எங்களுக்கு?

"அப்ப அவர் கணக்கைத்தான் முதல்ல போட்டிருக்கார். உன்னோடதை அதுக்கப்புறம் சேர்த்திருக்கார். திருடன் கையில சிக்கினா திறக்கக் கூடாதுன்னுதான் இந்தப் பூட்டு."

"அப்போ நான் திருடியா?"

"போன் அப்படித்தான் நினைக்குது."

அவர் தன் போனை நீட்டினார். பழைய பட்டன் போன். ஊர் போனை எல்லாம் பார்ப்பவர் கையில் இதுவா என்று நான் பார்த்ததைப் பார்த்து, "எல்லாம் பார்த்ததாலதான் இது" என்றார். அதிலிருந்து அத்தானைக் கூப்பிட்டேன்.

"பாஸ்வேர்டா? ஞாபகம் இல்லையேம்மா. சாயங்காலம் வந்து பார்க்கிறேன்."

"எனக்கு இப்பவே வேணும் அத்தான்."

"ரெண்டு மணிக்கு இன்டர்வியூ, அதானே? போனா போகுது, விடு. நீ பாட்டுக்குக் கிளம்பிட்டா பசங்கள ஸ்கூல்லேர்ந்து யார் கூட்டிட்டு வர்றது? உங்க அக்கா ஒண்டியா என்ன பண்ணுவா?"

இவருக்கு எப்படித் தெரியும்?

ரிப்பேர்க்காரம்மாவிடம் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார். முதல் கணக்கு யாருடையதோ, படமெல்லாம் தானாக அவருக்குப் போய்ச் சேரும்படி வைத்திருக்கலாம். போன் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கடிதத்தை நான் படம் பிடித்து வைத்திருந்தேன். அது மட்டுமா? டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு, துணிக்கடைக் கண்ணாடி முன்னால் சட்டை பொருந்துகிறதா என்று எடுத்துக்கொண்ட படங்கள், எல்லாம். போன் வாங்கின நாளிலிருந்து அந்த மனுஷன் சோபாவில் சாய்ந்துகொண்டு பார்த்திருக்கிறார். நான் அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன், காப்பி போட்டிருக்கிறேன். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அருவருப்பில் கை கழுவ வேண்டும்போல இருந்தது.

"பாஸ்வேர்டு இல்லாம இதை எடுக்க முடியுமா?"

"கம்ப்யூட்டர்ல மாட்டி எடுக்கலாம். ஆனா பில் வேணும், உன் பேர்ல. திருட்டுப் போன் கொண்டு வர்றவனும் இதே கதையைத்தான் சொல்றான்."

"உங்ககிட்ட வேற போன் இல்லையா? சிம்மை மாத்திப் போட்டுப் பேசிடுவேன்."

"இங்க இருக்கிறது எல்லாம் அடுத்தவங்களோடது. அதைத் தர மாட்டேன்மா. உன்னோடதையும் யாருக்கும் தர மாட்டேன்."

அந்த எரிச்சலிலும் அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. மணி பன்னிரண்டரை. அக்காவைக் கூப்பிட்டு, பீரோவில் போன் பெட்டி இருக்கிறது, பில்லோடு எடுத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடி வா என்றேன். எதற்கு என்று அவள் கேட்டதற்கு வந்ததும் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அக்கா வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. பில்லில் என் பெயர் இருந்தது. ரிப்பேர்க்காரம்மா போனைக் கம்ப்யூட்டரில் மாட்டினார். நான் இன்டர்வியூ விஷயத்தைச் சொன்னேன்.

"என்கிட்ட சொல்லலையேடி" என்றாள் அக்கா. முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் கைப்பையிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினாள். "அது எப்ப சரியாகுமோ! இந்தா, இதுல பேசு."

"வேண்டாம். அதையும் அத்தான்தானே செட் பண்ணினாரு?"

"ஆமா. அதுக்கென்ன?"

அதுக்கென்ன என்பதை அவளுக்குச் சொன்னேன். கோபத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். போன் கவர் வாங்க வந்த ஆள் வாங்காமலே போய்விட்டார். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

ஒன்று ஐம்பதுக்கு என் போன் திறந்தது. இந்தத் தடவை என் கணக்கு மட்டும்தான். ரிப்பேர்க்காரம்மா சாலிடரிங் மேசையை ஒதுக்கி, டியூப் லைட் என் முகத்தில் விழும்படி உட்காரவைத்தார். சரியாக இரண்டுக்குக் கூப்பிட்டார்கள். கெட்டுப்போன ரத்த சாம்பிளை எப்படிக் கண்டுபிடிப்பாய், டாக்டர் அவசரப்படுத்தினால் என்ன செய்வாய் என்றெல்லாம் கேட்டார்கள். இருந்த கோபத்தில் பதில்கள் கணீர் கணீரென்று வந்தன. ரிசல்ட் வெள்ளிக்கிழமை என்றார்கள்.

திரும்பிப் பார்த்தால் அக்கா ரிப்பேர்க்காரம்மா பக்கத்தில் நின்றிருந்தாள்.

"எனக்குப் பொய் சொல்ல வராது, மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்னு அவர் சொல்வாரு. மார்க்கெட் போறேன்னு சொல்லிட்டு ஃப்ரெண்டு வீட்டுக்குப் போவேன். வந்ததும், அவ எப்படி இருக்கான்னு கேப்பாரு. நானும் கண்ணாடியில மூஞ்சியப் பார்த்துப் பார்த்து, நமக்கு அப்படித்தான் போலன்னு நம்பிட்டேன். என் போனையும் அழிச்சுக் குடுங்க."

"அழிக்க வேண்டாம். பூட்டாத போன்தானே? நீங்களே அவரை வெளிய அனுப்பிடலாம்." ரிப்பேர்க்காரம்மா எங்கே தொட வேண்டும் என்று காட்டினார். முதலில் அக்கா தன் பெயரில் ஒரு கணக்குத் திறந்தாள். பாஸ்வேர்டு போடும்போது என்னிடமிருந்தே திரையைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அத்தான் கணக்கைத் தொட்டாள். இந்தக் கணக்கை நீக்கவா என்று போன் கேட்டது. நீக்கினாள்.

நாங்கள் கடையை விட்டு இறங்கி நாலு அடி வைப்பதற்குள் அவள் போன் அடித்தது. அத்தான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்க இருக்க?"

அக்கா ரோட்டின் இரு பக்கமும் ஒரு தடவை பார்த்தாள்.

"வெளிய இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.