கேட்காமல் விட்ட கேள்வி

கல்லூரிக் கால்பந்து அணிக்கு அவள்தான் பிசியோ. சுளுக்கோ வீக்கமோ சிராய்ப்போ, எதுவானாலும் பையன்கள் முதலில் வந்து நிற்பது மைதானத்தை ஒட்டியிருந்த அவளுடைய சின்ன அறையில்தான். வயது முப்பத்தொன்று. எல்லாருக்கும் அக்கா.

அந்த வாரம் அவளுக்கு ஒரு புது வேலை வந்திருந்தது. எல்லா அணிகளுக்கும் புற்றுநோய் சுயபரிசோதனையைச் சொல்லிக்கொடுக்கும்படி கல்லூரி மருத்துவர் கேட்டிருந்தார். பெண்கள் அணிக்குச் சொல்லியாயிற்று. அது ஒன்றும் பெரிய காரியமாக இல்லை. இருபத்திரண்டு தடியன்கள் முன்னால் நின்று விதைப்பையைப் பற்றிப் பேசுவதை நினைத்தால்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"அதுக்கு வேற யாராவது ஆம்பளையைக் கூட்டிட்டு வரலாமேம்மா," என்றார் கோச்.

"தொடை பிடிச்சுக்கிட்டா நான்தானே சார் பாக்கறேன்? நாலு விரக்கடை தள்ளிப் போனா நான் ஆகாதா?"

கோச்சின் காது சிவந்துவிட்டது. விசிலைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சிரிக்கறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க. ஒரு நிமிஷம் தர்றேன்," என்றுதான், பயிற்சி முடிந்து பையன்களை உட்காரவைத்து, அவள் தொடங்கினாள். உருண்டு புரண்டு சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவன் கோல்கீப்பர். பந்து கையில் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவனுக்குக் கோந்து என்று பெயர்.

"மாசம் ஒரு தடவை, வெந்நீர்ல குளிச்சதும் பாருங்க. ஒவ்வொரு விதையா, கட்டைவிரலுக்கும் மத்த விரலுக்கும் நடுவுல வெச்சு மெதுவா உருட்டணும். கல்லு மாதிரி கட்டி இருந்தாலோ, ஒரு பக்கம் வீங்கியிருந்தாலோ, இழுத்துப் பிடிச்ச மாதிரி கனமா இருந்தாலோ, வலிக்கலையேன்னு விட்டுராதீங்க. மத்த புத்துநோய் பெரும்பாலும் வயசானாதான் வரும். இது உங்க வயசுலதான் அதிகம் வரும். சீக்கிரம் கண்டுபிடிச்சா பெரும்பாலும் முழுசா குணமாயிரும்."

கனம் என்று அவள் சொன்னபோது கோந்து சிரிப்பதை நிறுத்தியிருந்தான். அதை அவள் பார்த்தாள். பார்த்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் அவன் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"அக்கா, என் ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு..."

"எந்த ஃப்ரெண்டு?"

தரையைப் பார்த்தான். "எனக்குத்தான். இடது பக்கம். பட்டாணி அளவுக்கு."

"வலிக்குதா?"

"இல்லக்கா. அதான் பயமா இருக்கு. வலிக்கலைன்னாலும் விடக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களே."

"எப்பலேருந்து?"

"கட்டியை நேத்துதான் பார்த்தேன். கனம் முன்னாடியே இருந்துச்சு. உங்ககிட்டகூட சொன்னேனே."

அவளுக்குத் திக்கென்றது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் மருத்துவருக்குப் போன் செய்து, மறுநாள் காலைக்கே ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்தாள். அவன் போன பிறகு சிகிச்சைப் பதிவேட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினாள். ஏழு வாரத்துக்கு முன், அவள் கையெழுத்தில்: இடது தொடை இடுக்கு, பிடிப்பு, கனம். ஐஸ். நான்கு நாள் ஓய்வு.

அன்றைக்கு வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள், மறுநாள் போட்டி வேறு. ஆனால் அதெல்லாம் காரணமில்லை என்று அவளுக்கே தெரியும். சரியாக எந்த இடம் என்று கேட்டிருக்கலாம். அவன் சுவரைப் பார்த்தான், அவள் ஐஸ் பெட்டியைப் பார்த்தாள், பிடிப்பு என்ற வார்த்தை இருவருக்கும் வசதியாக இருந்தது.

மருத்துவமனை நடைபாதையில் அவன் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"அம்மாகிட்ட என்னன்னுக்கா சொல்றது? எங்கேன்னு சொல்றது?"

"உடம்புலன்னு சொல்லு. அதுவும் உடம்புதானே."

ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. இடது விதையை எடுத்துவிட வேண்டும். எடுத்துச் சோதித்த பிறகுதான் எதுவும் உறுதி. அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "மறுபடி விளையாடலாமா டாக்டர்?" விளையாடலாம் என்றதும் எழுந்துவிட்டான். அவள் எழவில்லை.

"பின்னாடி குழந்தை பெத்துக்கறதுக்கு, டாக்டர்?"

"ஒண்ணே போதும். இருந்தாலும் ஆபரேஷனுக்கு முன்னாடி விந்தைச் சேமிச்சு வெச்சுக்கிட்டா நல்லது," என்றார் அவர். அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆனால் மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

பதிவேட்டு விஷயத்தை அவள் கோச்சிடம் சொன்னாள். "எதுக்கும்மா வாயைக் கொடுத்து மாட்டிக்கறே? அந்தப் பையனே குத்தம் சொல்லலையே," என்றார். அதுதான் அவளை அறுத்தது. சொன்னேனே என்று ஒரே ஒரு தரம் சொன்னான், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மதியம் வார்டுக்குப் போனாள். அவன் அம்மா கட்டிலருகே ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் கோத்துவைத்த வாக்கியங்கள் எல்லாம் அங்கே மறந்துபோயின.

"ஏழு வாரத்துக்கு முன்னாடியே இவன் எங்கிட்ட சொன்னான்மா. நான் சரியா கேக்கலை. ஐஸ் வெச்சு அனுப்பிட்டேன். தப்பு என்மேல."

கத்தி நின்றது.

"தெரியும்க்கா," என்றான் கோந்து. "நீங்க கேக்கணும்னும் இருந்துச்சு, கேட்டுரக் கூடாதுன்னும் இருந்துச்சு. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியலை."

அம்மா அவனைச் சட்டை செய்யவில்லை. "ஏழு வாரத்துல அது எவ்வளவு பரவியிருக்கும்?"

"தெரியலைம்மா. டாக்டர்கிட்ட கேட்டேன். அவராலயும் சொல்ல முடியலை."

அம்மா மீதி ஆப்பிளை நறுக்கி முடித்தாள். தட்டை மகன் பக்கம் நகர்த்தினாள். பிறகு, முகத்தைப் பார்க்காமல், "சரி, கிளம்புங்க," என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் அவள் வேலைக்குப் போனாள், கட்டுப் போட்டாள், பிடித்துவிட்டாள். சோறு மட்டும் இறங்கவில்லை. போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிட மோசம். பத்தாம் நாள் கூப்பிட்டது அவன் இல்லை, அவன் அம்மா.

"புத்துநோய்தானாம்." "ஆனா வெளியே எங்கயும் பரவலையாம். அடிக்கடி வந்து காட்டினா போதும்னாங்க."

அவள் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் அழுகைதான்.

"உங்கமேல எனக்குக் கோவம் இன்னும் போகலைம்மா," என்றாள் அந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஆனா அன்னிக்கு நீங்க பசங்களை உக்கார வெச்சுச் சொல்லலைன்னா இவன் குளிக்கறப்பகூடப் பார்த்திருக்க மாட்டான். சோம்பேறி."

மூன்று மாதம் கழித்து முதல் சோதனைக்கு அவளையும் வரச்சொன்னான் கோந்து. அதற்கு முந்தைய வாரம்தான் பயிற்சிக்குத் திரும்பியிருந்தான். முடிவு வரும்வரை டோக்கன் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தான். எல்லாம் சரியாக இருக்கிறது என்றதும் கேண்டீனுக்குப் போய் ரெண்டு பேர் சாப்பாட்டை ஒரே ஆளாகக் காலி செய்தான்.

கை கழுவிவிட்டு வந்து கேட்டான், "அடுத்தது எப்பக்கா?"

"மூணு மாசம் கழிச்சு."

"அப்பவும் இப்படித்தான் பயமா இருக்குமா?"

"இருக்கும்," என்றாள் அவள். "நானும் வர்றேன்."