கொட்டச்சேட்டு மரியதாஸ்

எஸ்டேட்டில் யார் எங்கே இருக்கிறார் என்று முதலாளிக்குத் தெரியாததும் தன் கம்ப்யூட்டருக்குத் தெரியும் என்பது ஆஸ்மாவின் பெருமை. ஏற்காடு அலுவலகத்தில் ஆட்களின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் பராமரிப்பது அவள் வேலை. அதை ஒரு மரமாக அமைத்திருந்தாள். அடியில் நிறுவனம், கிளைகளாகக் கொட்டச்சேடு, தலைச்சோலை, செம்மநத்தம், நுனியில் ஆட்கள். மரியதாஸ், ஓட்டுநர், கொட்டச்சேடு என்று நுனியிலிருந்து அடிவரை சொன்னால்தான் முழுப்பெயர். இந்த மலையில் மரியதாஸ்களுக்குப் பஞ்சமா என்ன? செம்மநத்தத்தில் இன்னொருவர் இருந்தார். கிளை வேறு என்பதால் குழப்பமில்லை.

குழப்பம் வேறு வழியில் வந்தது. அவசர ஜீப் ஓட்டும் மரியதாஸ் கொட்டச்சேட்டில் தங்கை இன்பமேரியோடு ஒரே வீட்டில் இருந்தவர். மாமியார் படுத்த படுக்கையாகிவிட, மாற்றல் வாங்கிக்கொண்டு மனைவியோடு தலைச்சோலைக்குக் கிளம்பினார்.

"பொண்டாட்டி ஊருக்குப் போறீங்க. நான் செத்துக் கெடந்தாலும் இனி வருவீங்களா?" என்று கேட்டாள் இன்பமேரி.

"நீ கூப்புடு புள்ள. எங்கிருந்தாலும் வரேன்."

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ரோஷத்தில் அண்ணனுக்குத் தங்கை இளைத்தவள் இல்லை.

மழைக்கு முன்னால் மிளகு பறித்துவிடலாம் என்று ஏறியவள் ஏணி சறுக்கி விழுந்தாள். கால் முறிந்தது. அண்ணனுக்கு நேராகப் போன் போட அப்போதும் மனம் வரவில்லை. எஸ்டேட் ஆட்களுக்குக் கொடுத்திருந்த கம்பெனி போனில் இருந்த உதவிப் பட்டனை அழுத்தினாள். அழுத்தினால் அவசர ஜீப்காரரின் போன் அலறும். தலைச்சோலைக்குப் போன பிறகும் கொட்டச்சேட்டுப் பக்கத்துக்கு ஜீப்காரர் மரியதாஸ்தான். வருவார் என்று நம்பினாள். திரும்பத் திரும்ப அழுத்தினாள். அவர் வரவில்லை. மழையில் கிடந்தவளை அவ்வழியே போன காய்கறி வேன்காரர்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். விஷயம் தெரிந்து ஓடிவந்த அண்ணனைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மரியதாஸ் ஆஸ்மாவின் மேஜை முன்னால் வந்து நின்றார். "எனக்குச் சத்தமே வருலீங்க. வேலை போனாப் போவட்டும். எந்தங்கச்சி என்னைய அப்புடி நெனைக்கக் கூடாதுங்க."

ஆஸ்மா தேடினாள். அதிக நேரம் பிடிக்கவில்லை. மாற்றல் வந்ததும் அவரைத் தலைச்சோலைக் கிளைக்கு நகர்த்தியது அவளேதான். நகர்த்தியதும் அவருடைய முழுப்பெயர் மாறிவிட்டது. உதவிப் பட்டனை அழுத்தினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற அவசர ஜீப் பட்டியலில் மட்டும் பழைய முழுப்பெயரே தங்கிவிட்டது. ஊரார் இன்றைக்கும் அவரைக் கொட்டச்சேட்டு மரியதாஸ் என்றுதான் சொல்கிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார். கம்ப்யூட்டருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. பெருமையெல்லாம் வடிந்து, ஆஸ்மாவுக்கு அழுகை வந்தது.

ஊரை வைத்து அடையாளம் காண்பதையே அவள் நிறுத்தினாள். எங்கே போனாலும் மாறாத ஓர் எண்ணை ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த இன்பமேரியைப் பார்க்கக் கொட்டச்சேட்டுக்குப் போனாள்.

"அக்கா, தப்பு என்னோடதுங்க. நீங்க பட்டன் அழுத்துனப்ப மெஷினு உங்க அண்ணனக் கொட்டச்சேட்டுலதான் தேடியிருக்கு. ஆளு இல்லைன்னதும் பேசாம விட்டுருச்சு."

"இந்த ஊருலயா தேடுச்சு?"

"ஆமாங்க்கா."

இன்பமேரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் இந்த ஊட்டுலதான் கண்ணு தேடிக்கிட்டிருக்கேன்."

நம்பினாளா என்று தெரியவில்லை. ஆஸ்மா போனை எடுத்து அவள் கையில் வைத்தாள். "இப்ப ஒருக்கா அழுத்திப் பாருங்க. இது சோதனை, வர வேண்டாம்னு ஒரு செய்தியும் அவருக்குச் சேர்ந்தே போகும்."

இன்பமேரி அழுத்தினாள். செய்தி போய்ச் சேர்ந்ததாகத் திரையில் காட்டியது. ஆஸ்மா நிம்மதியாக மூச்சுவிட்டாள். இன்பமேரி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஆஸ்மா விடைபெறுகிற நேரத்தில் வாசலில் ஜீப் வந்து நின்றது. மரியதாஸ் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"அண்ணே, சோதனைன்னு வருலீங்களா?" என்று பதறினாள் ஆஸ்மா.

"வந்துதுங்க. படிச்சேன்." தங்கையைப் பார்த்தார். "கூப்புட்டியே புள்ள."

விழுந்த நாளிலிருந்து யாரிடமும் வலி என்று சொல்லாதவள், கட்டுப்போட்ட காலைக் காட்டி, "நொம்ப வலிக்குதுண்ணா" என்றாள்.