கலக்காமல் ஊற்ற வேண்டிய கஞ்சி

பார்லிக் கஞ்சி காய்ச்சித் தாருங்கள் என்று தாட்சாயினி கேட்டபோது குணேஸ்வரி உடனே சம்மதித்துவிட்டாள். மகள் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய பிறகு, அந்தப் படிப்புக்கென்று தாய் கை வைக்கக்கூடியதாக வந்த முதல் வேலை அது. உப்புப் போடக் கூடாது, தேங்காய்ப்பால் விடக் கூடாது என்று சொன்னபோதுதான் முகம் சுருங்கியது.

"இதை ஆர் குடிக்கிறது?"

"வகுப்பில இருக்கிற பிள்ளையள். ஜேம்ஸ்டவுன்காரர் குடிச்ச மாதிரி."

ஜேம்ஸ்டவுன், நானூறு வருடங்களுக்கு முன் அமெரிக்கக் கரையில் ஆங்கிலேயர் குடியேறிய இடம். கப்பலில் புழுத்துப்போன கோதுமையையும் பார்லியையும் பொதுக் கிடாரத்தில் அவித்து ஆளுக்கொரு பங்கு குடித்தார்கள். இரண்டு வருடம் கழித்து வந்த குளிர்காலத்தில் அதுவும் இல்லை. எலியைத் தின்றார்கள், சப்பாத்துத் தோலை அவித்துத் தின்றார்கள். ஐந்நூறு பேரளவில் இருந்த இடத்தில் அறுபது பேர் மிஞ்சினார்கள். தாட்சாயினி முதுகலைக்கு ஆராய்வது இதைத்தான். உலகத்தில் ராசாக்கள், கோட்டைகள் என்று எவ்வளவோ இருக்க, பிள்ளை போயும் போயும் பட்டினியைப் பிடித்துக்கொண்டதே என்று குணேஸ்வரி இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

யோசிக்கக் காரணம் இருந்தது. வன்னிப் போரின் கடைசி மாதங்களில், கடற்கரை மணலில் தறப்பாளுக்குக் கீழே நின்று சனத்துக்குக் கஞ்சி ஊற்றியவர்களில் அவளும் ஒருத்தி. தாட்சாயினிக்கு அப்போது ஒன்பது வயது. அவளும் வரிசையில் நின்றாள், ஒவ்வொரு நாளும் கடைசி ஆளாக. பலமில்லாத பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்று தாய் நினைத்தாள். ஆனாலும் முன்னுக்குக் கூப்பிடவில்லை. ஒரு பருக்கை கூட்டி ஊற்றவுமில்லை. கூப்பிட்டிருந்தால் பிள்ளையோடு நின்ற மற்றத் தாய்மாரின் முகத்தில் எப்படி விழிப்பது? செய்தது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன, பதினாறு வருடமாக அது நெஞ்சில் குத்திக்கொண்டேயிருந்தது. மகள் மறக்கவில்லை, அதனால்தான் இந்தப் படிப்பு என்று தனக்குள் முடிவு கட்டி வைத்திருந்தாள். வாய் திறந்து கேட்க ஒருநாளும் துணிவு வரவில்லை.

புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் ஜான்-டலோன் சந்தையில் பார்லி வாங்கிக் காய்ச்சி, சட்டியைத் துவாயால் சுற்றி, மரக்கறி இழுக்கும் வண்டிலில் வைத்து இருவரும் மெத்ரோ ரயிலில் டவுன்டவுன் போனார்கள். எதிரே இருந்தவர்கள் சட்டியைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவள் மூடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வகுப்பில் இருபத்தொரு பேர், ஒவ்வொருவர் கையிலும் நீலமோ வெள்ளையோ ஓர் அட்டை. கடைசி வரிசையில் கண்ணாடி போட்ட பேராசிரியை குறிப்புப் புத்தகத்தோடு இருந்தார். இந்த வழியில் ஆய்வைத் தொடரலாமா என்று அவர் முடிவெடுக்கும் நாள் இது. தாட்சாயினி தாயை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அம்மா, நீல அட்டைக்காரர் தலைவர்மார். அவைக்கு அடியில இருந்து தடிப்பா அள்ளுங்கோ. வெள்ளை அட்டைக்கு மேல்தண்ணி. தலைவர்மார் நல்லதை ஒளிச்சுவைச்சுத் தின்னினம் எண்டுதான் அங்க சண்டையே வந்தது. இவையும் அந்தக் கோவத்தை உணர வேணும். கலக்கிப்போடாதேங்கோ."

"எனக்கு விளங்குது. நீ போ."

முதல் இரண்டு பேருக்கும் சொன்னபடியே ஊற்றினாள். மூன்றாவதாக வந்தவள் ஒரு மெலிந்த பெண்பிள்ளை, வெள்ளை அட்டை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குணேஸ்வரியைப் பார்க்காமல் அகப்பையையே பார்த்தாள். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் போல. அகப்பை அடிக்குப் போய், ஒரு சுற்றுச் சுற்றி, மேலே வந்து, தடிப்பும் தண்ணியுமாகக் கோப்பையில் விழுந்தது. அடுத்த ஆளுக்கும் அப்படியே. ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று, ஒரு அகப்பை. தான் கலக்குகிறேன் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

எல்லோரும் குடித்து முடிந்ததும் தாட்சாயினி முன்னால் வந்து நின்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"வெள்ளை அட்டைக்காரர் சொல்லுங்கள். எப்படி இருந்தது?"

ருசியில்லை என்றார்கள். பங்கு பிழை என்று எவரும் சொல்லவில்லை. பக்கத்துக் கோப்பையைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தோம், எல்லாம் ஒன்றுதானே என்றார்கள். தாட்சாயினி திரும்பித் தாயைப் பார்த்து, "கலக்கிப்போட்டீங்களே அம்மா," என்றாள். குணேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று பிள்ளைக்கு அள்ளிக் கொடுக்காத கை, இன்று பிள்ளையின் படிப்பிலும் மண் அள்ளிப் போட்டுவிட்டது. நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

பேராசிரியை எழுந்து வந்தார். கோபம் மாதிரித் தெரியவில்லை. ஏன் கலக்கினீர்கள் என்று அவர் கேட்டதை மகள் தமிழில் சொன்னாள்.

"கலக்காட்டி முன்னுக்கு நிக்கிறவைக்குத் தண்ணி, பின்னுக்கு நிக்கிறவைக்குப் பருக்கை," என்றாள் குணேஸ்வரி. "சனம் அகப்பையைத்தான் பாக்கும். ஒராளுக்குக் கூடிச்செண்டா வரிசை குழம்பும். வரிசை குழம்பினாச் சட்டி கவிழும். பேந்து ஒருத்தருக்கும் இல்லை. அதுதான் கலக்கிறனாங்கள்."

தாட்சாயினி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லி முடிந்த பிறகும் நிறுத்தாமல் இன்னும் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டு போனாள். வேலை செய்யும் சாப்பாட்டுக்கடைச் சமையற்கட்டில் பழகிய பிரெஞ்சை வைத்துக்கொண்டு அந்த ஆங்கிலத்தைப் பிடிக்க முடியவில்லை. 'மை மதர்' என்பது மட்டும் இரண்டு முறை காதில் விழுந்தது. பிள்ளைகள் அவள் பக்கம் திரும்பினார்கள். சிலர் சிரித்தார்கள். என்னைப் பற்றிய முறைப்பாடு என்று நினைத்துக் குணேஸ்வரி சட்டியை மூடினாள்.

பேராசிரியை குறிப்புப் புத்தகத்தில் வேகமாக எழுதிவிட்டு, தாட்சாயினியின் தோளில் தட்டிப் போனார்.

மெத்ரோ மேடையில் வெறுஞ்சட்டியோடு நின்றபோது குணேஸ்வரியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"உன்ர அலுவலைக் குழப்பிப்போட்டன், என்ன?"

"இல்லையம்மா. பேராசிரியை தொடரச் சொல்லிப்போட்டா. ஜேம்ஸ்டவுனில ஆர் கஞ்சி ஊத்தினது, எப்பிடி ஊத்தினது எண்டு தேடட்டாம். நான் அதை யோசிக்கவே இல்லை."

"பேந்தென்ன நீளமாச் சொன்னனி? அங்க உனக்கு நான் ஒருநாளும் கூட ஊத்தேல்லை எண்டோ? பிள்ளை, உன்னைப் பின்னுக்குத் தள்ளிவிடேக்கை எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் நிண்டனான்."

தாட்சாயினி வாயைப் பிளந்தாள்.

"ஆர் என்னைத் தள்ளினது? நானாத்தான் கடைசியா நிண்டனான்."

"ஏன்?"

"முடியிற நேரம் அடியில ஒட்டினதை நீங்கள் வழிச்சுக் கடைசி ஆளுக்குத்தானே போடுறனீங்கள். கலக்கினாலும் அடி தடிப்புத்தான். அதைத்தான் வகுப்பில சொன்னனான்."

குணேஸ்வரி மகளின் கையில் ஓர் அடி போட்டாள். "கள்ளி," என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பதினாறு வருடம் சுமந்ததை இந்தப் பிள்ளை ஒரு நிமிடத்தில் இறக்கிவிட்டாளே.

"ஆனா ஒருநாள் ஒரு குட்டிப் பொடிச்சி எனக்குப் பின்னால வந்து நிண்டிட்டாள்," என்றாள் தாட்சாயினி. "நான் அவளுக்குப் பின்னால போனன். அவள் எனக்குப் பின்னால வந்தாள். இழுபடாமல் வாங்கோ எண்டு நீங்கள் பேசினீங்கள்."

"பேந்து?"

"வழிச்சல் அவளுக்குத்தான் போச்சு. ஒட்டிப்போன வயிறு, பாவம். எண்டாலும் அவளே வந்து, ரெண்டு பேரும் குடிப்பம் எண்டாள்."

ரயில் வரும் காற்று மேடையில் அடித்தது. தாட்சாயினி வண்டிலைப் பிடித்தாள்.

"ரெண்டு பேரின்ர கஞ்சியையும் ஒரு தகரப் பேணிக்குள்ள விட்டு," என்றாள், "கலக்கிப்போட்டுத்தான் பிரிச்சனான், அம்மா."